லிட்டருக்கு 5 கிலோமீட்டர்: ஒரு வி8 எஸ்யூவியோட ஒரு வருஷ கணக்கு

பின்னணி

வண்டி நாலு வருஷம் ஓடினது, மீட்டர்ல 66,000 கிமீ சொச்சம். 4.0 லிட்டர் வி8, ரெண்டு டர்போ, 8 கியர் ஆட்டோமேட்டிக், ஏர் சஸ்பென்ஷன், நாலு வீலுக்கும் டிரைவ், ஆள் ஏறாம வெறும் வண்டியே 2.3 டன். எந்த கம்பெனின்னு இங்க தேவையில்ல, இந்த வகையில வர எல்லா வண்டியும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஓனர் எனக்கு தூரத்து உறவு, வயசுல மூத்தவர், அதனால அண்ணன்னே எழுதுறேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கி நாலு மாசம் ஆனதும் எனக்கு போன் பண்ணாரு. "தம்பி, இது லிட்டருக்கு அஞ்சு கூட தரமாட்டேங்குதுடா, ஏதோ கோளாறு இருக்கு, ஒர்க்‌ஷாப்ல நாலு ஆக்சிஜன் சென்சாரையும் எட்டு இன்ஜெக்டரையும் மாத்த சொல்றாங்க, மாத்திடவா?"

நான் மெக்கானிக் இல்ல, வண்டி டேட்டா படிக்கிறதும் கணக்கு எழுதுறதும் பழக்கம், அவ்வளவுதான். மாத்தாதீங்க, பத்து வாரம் டைம் குடுங்கன்னேன். அந்த பத்து வாரம் அப்படியே ஒரு வருஷமா நீண்டு போச்சு.

செலவை எல்லாம் எப்படி எழுதுறதுன்னு முதல்ல ஒரு குழப்பம். பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் விலை ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறுது. அண்ணிதான் ஒரு வழி சொன்னாங்க, "எல்லாத்தையும் டேங்க் கணக்குல எழுதுங்களேன், இவருக்கு அதுதானே புரியும்." சரின்னு 85 லிட்டர் ஃபுல் டேங்க் ஒன்னு எவ்வளவோ அதையே ஒரு அலகா வச்சுக்கிட்டோம். இந்த ஆய்வுல வர செலவு எல்லாம் அந்த "டேங்க்"லதான்.

முதல் பத்து வாரம்: என்ன பாத்தோம்

ஸ்கிரீன்ல காட்டுற மைலேஜை நம்பாம, டேங்க் ஃபுல் பண்ணி, ஓட்டி, திரும்ப ஃபுல் பண்ணி, போட்ட லிட்டரையும் ஓடின கிலோமீட்டரையும் நோட்டுல எழுத ஆரம்பிச்சோம். பம்ப் தானா கட் ஆனதும் நிறுத்திடணும், அதுக்கு மேல ரவுண்டா வரட்டும்னு ஊத்தக்கூடாது, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் அப்படி இப்படி ஆகி கணக்கே கெட்டுப்போகும். 10 வாரத்துல 2,480 கிமீ, 508 லிட்டர். லிட்டருக்கு 4.88. ஸ்கிரீன் 5.3 காட்டுச்சு, அதாவது வண்டி தன்னைப் பத்தி ஒரு 8 சதவீதம் பெருமையா பேசிக்கிட்டிருந்துச்சு.

அந்த 4.88 மட்டும் ஒன்னும் சொல்லாது. அதை பிரிச்சு பாத்தப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. 2,480ல 1,140 கிமீ ஹைவே, மூனே பயணம், அதுக்கு ஆனது 137 லிட்டர், லிட்டருக்கு 8.3. மிச்சம் 1,340 கிமீ ஊருக்குள்ள, அதுக்கு 371 லிட்டர், லிட்டருக்கு 3.6. ஒரே வண்டிக்குள்ள ரெண்டு வண்டி இருக்கிற மாதிரி. ஊருக்குள்ள ஓடினதுல 205 தடவை இஞ்சின் ஸ்டார்ட் ஆகியிருக்கு, சராசரி ஒரு பயணம் 6.5 கிமீ, அதுலயும் பாதிக்கு மேல 5 கிமீக்குள்ளதான். பொண்ணை நீச்சல் கிளாஸ்ல விடுறது, மறந்துபோன சாமானுக்கு கடைக்கு போறது, ஜிம்மு, இப்படி.

இதுல இஞ்சின் பக்கம் நடக்கிறதை கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பல பேர் "கால் பாரம்", அழுத்தி மிதிக்கிறாருன்னு மட்டும் சொல்லிட்டு போயிடுறாங்க. குளுந்து கிடக்கிற இஞ்சின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, சிலிண்டர் சுவத்துல ஈரமா ஒட்டிக்கும், அதனால கம்ப்யூட்டர் கூடுதலா பெட்ரோல் குடுக்கும், அதுக்கு மேல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடானாதான் புகையை சுத்தம் பண்ணும்ங்கிறதால வேணும்னே இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி அடிக்கிற நேரத்தை, பின்தள்ளி ஐட்லிங்கை ஏத்தி வச்சு எக்ஸாஸ்ட்டை சூடாக்கும், அதுக்கும் பெட்ரோல்தான். எட்டு சிலிண்டர், ரெண்டு டர்போ, 9 லிட்டர் ஆயில், பெரிய கியர்பாக்ஸ், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியை பிரிச்சு குடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன்னாடி பின்னாடி டிஃபரென்ஷியல், இவ்வளவு இரும்பும் எண்ணெயும் சூடாகணும். வண்டி கம்ப்யூட்டர் டேட்டாவை படிக்கிற ஓபிடி ஸ்கேனர் போட்டு பாத்தப்ப கூலன்ட் (இஞ்சினை குளிர வைக்கிற தண்ணி) 5 கிமீல சூடாயிடுச்சு, டேஷ்போர்டுல முள்ளும் நடுவுல நின்னுடுச்சு, ஆனா ஆயில் 90 டிகிரி தொட 13 கிமீ ஆச்சு. அவரோட சராசரி பயணமே 6.5 கிமீ. அதாவது ஊருக்குள்ள அந்த இஞ்சின் ஒழுங்கா சூடாகி ஓடினதே ரொம்ப கொஞ்ச நேரம்தான்.

கம்பெனி அறிவிச்ச கணக்கு 100 கிமீக்கு 12 லிட்டர் சொச்சம், அதாவது லிட்டருக்கு 8ங்கிறதை அண்ணன் ஒரு வாக்குறுதி மாதிரி பிடிச்சுக்கிட்டிருந்தாரு. அந்த எண் வர்ற லேப் டெஸ்ட், டபிள்யூஎல்டிபின்னா 23 கிமீ சொச்சம், அரை மணி நேரம், சராசரி 46.5 கிமீ வேகம், ஆரம்பத்துல ஒரே ஒரு குளிர் ஸ்டார்ட். 2017 வரைக்கும் ஐரோப்பாவுல இருந்த பழைய என்இடிசி டெஸ்ட் இன்னும் லேசு, 11 கிமீதான், அதை விட இது எவ்வளவோ பரவால்ல. ஆனா 23 கிமீக்கு ஒரு குளிர் ஸ்டார்ட் எங்க, ஆறு கிலோமீட்டருக்கு ஒன்னு எங்க. டெஸ்ட் பொய் சொல்லல, அவரு அந்த டெஸ்ட்ட ஓட்டல.

இன்னொன்னு நீச்சல் கிளாஸ் வாசல்ல. வாரத்துல அஞ்சு நாள், 25 நிமிஷம், ஏசி போட்டு இஞ்சின் ஓடவிட்டு போன் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. சூடான இஞ்சின் ஏசியோட ஐட்லிங்ல மணிக்கு 1.6 லிட்டர் குடிக்குதுன்னு ஸ்கேனர்ல பாத்தோம். 10 வாரத்துக்கு கூட்டினா 33 லிட்டர், ஒரு மீட்டர் கூட நகராம. வண்டி நின்னா இஞ்சினை தானா நிறுத்துற ஆட்டோ ஸ்டாப் சிஸ்டம் இருக்கே, அதை வண்டி வாங்கின அன்னைக்கே எரிச்சலா இருக்குன்னு ஆஃப் பண்ண பழகிட்டாரு, தினமும் ஏறினதும் முதல் வேலை அதுதான்.

டயர்ல காத்து. கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற அட்டையில முன்னாடி 36, பின்னாடி 39 பிஎஸ்ஐ. இருந்தது 31, 32. எச்சரிக்கை லைட் எரியல. பல வண்டிகள்ல அது சொன்ன அளவுக்கு கால்வாசி கிட்ட இறங்கினாதான் எரியும், அதனால லைட் எரியலன்னா காத்து சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

முதல் முடிவு: எதை மாத்தல, ஏன்

சென்சார், இன்ஜெக்டர் மாத்துற யோசனையை முதல்ல ஓரம் கட்டினோம். காரணம் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவுல பண்ற திருத்தம். இன்ஜெக்டர் கசிஞ்சாலோ சென்சார் தப்பா சொன்னாலோ கம்ப்யூட்டர் பெட்ரோலை கூட்டியோ குறைச்சோ தொடர்ந்து சரிகட்டிக்கிட்டே இருக்கும், அது நீண்டகால ட்ரிம்ல பெரிய எண்ணா தெரியும். இங்க ரெண்டு பக்க சிலிண்டர் வரிசையிலயும் 3 சதவீதத்துக்குள்ள, ஃபால்ட் கோடு ஒன்னு கூட இல்ல, கூலன்ட் சரியான சூட்டுக்கு வந்து நிக்குது, அதனால தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கிட்டிருக்குங்கிற சந்தேகமும் போச்சு. இஞ்சின் ஆரோக்கியமாத்தான் இருந்துச்சு. அந்த ஒர்க்‌ஷாப் ஏமாத்தினாங்கன்னு நான் சொல்லல, "மைலேஜ் வரல"ன்னு மட்டும் ஒரு கம்ப்ளைன்ட் வந்தா பார்ட்ஸ் மாத்தி பாக்கிறதுதான் அவங்களுக்கு தெரிஞ்ச பதில். ஆனா எத்தனை கிமீ பயணம்னு யாரும் கேக்கவே இல்ல.

அடுத்து, வண்டியையே மாத்திடலாமான்னு ஒரு பேச்சு. அண்ணன் சீரியஸா இருந்தாரு. டீசல் வேணாம்னு சீக்கிரமே தெளிஞ்சுட்டாரு, 5 கிமீ பயணத்துல டீசல் புகைக்கரியை பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர்ல கரி சேந்துக்கிட்டே போகும், அதை எரிக்க வேண்டிய சூடு வராது, அது இதை விட பெரிய தலைவலி. ப்ளக் இன் ஹைப்ரிட்டுக்கு அவங்க இருக்கிற அடுக்குமாடியில சார்ஜ் போட இடம் இல்ல. மிச்சம் இருந்தது சாதா ஹைப்ரிட், இதே சைஸ்ல, 100 கிமீக்கு 9 லிட்டர் மாதிரி ஆகலாம்னு வச்சு கணக்கு போட்டோம். வருஷத்துக்கு 17 டேங்க் மிச்சம் ஆகும். ஆனா இதை வித்து அதை வாங்குறதுல, விக்கிற பக்கமும் வாங்குற பக்கமும் போற நஷ்டத்தை விசாரிச்சா 40 டேங்க் கிட்ட வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டினாதான் சமம் ஆகும், அவரு எப்படியும் மூனு வருஷத்துல வண்டி மாத்துறவரு. பேச்சு அதோட முடிஞ்சுது.

இரண்டாம் முடிவு: என்ன மாத்தினோம்

செலவில்லாத வேலைதான் எல்லாம். வீட்டுல ஏற்கனவே ஒரு சின்ன கார் சும்மா நிக்குது, 5 கிமீக்குள்ள போறதுக்கெல்லாம் அது. பெரிய வண்டியை எடுத்தா மூனு வேலையை ஒரே சுத்துல முடிச்சுட்டு வரணும், நடுவுல நிறுத்தினாலும் இஞ்சின் சூடு ஆறாது. நீச்சல் கிளாஸ்ல வெயிட் பண்ணா உள்ள போய் உக்காரணும். இதுக்குத்தான் அவர் அதிகமா முனகினாரு. டயர் காத்து மாசம் ரெண்டு தடவை, வண்டி ஓடாம குளுந்து இருக்கும்போது.

ஹைவேல வேகம். ஒரே ரோடு, 190 கிமீ, ஒரு தடவை 120ல, இன்னொரு தடவை 100ல க்ரூஸ் போட்டு போகச் சொன்னேன். 100 கிமீக்கு 13.1, 10.9. காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறுது, 100லருந்து 120 ஆனா அந்த விசை 44 சதவீதம் கூடுது, சுவர் மாதிரி நிக்கிற எஸ்யூவிக்கு இதுதான் பெரிய தண்டம். டிராஃபிக் எல்லாம் போக கிடைச்ச நேரம் 12 நிமிஷம். "12 நிமிஷத்துக்கு 4 லிட்டரா"ன்னு அவரே கேட்டாரு. எப்பவும் 100ல போக சம்மதிக்கல, 110ன்னு ஒரு உடன்படிக்கை.

பெட்ரோல் ரகத்துல நான் ஒரு தப்பு பண்ணேன். டேங்க் மூடியில 98 ஆக்டேன்னு (பெட்ரோல் தானா வெடிக்காம தாங்குற அளவு) போட்டிருக்கு, குறைஞ்சபட்சம் 95. அவர் 95தான் போட்டுக்கிட்டிருந்தாரு, நானும் "நாக் சென்சார் பாத்துக்கும், போடுங்க"ன்னு சொல்லிட்டேன். பெட்ரோல் அப்படி தானா வெடிக்கிறதை கண்டுபிடிக்கிற நாக் சென்சார் பாத்துக்கும்தான், ஆனா எப்படின்னா டைமிங்கை பின்தள்ளி, அப்படி தள்ளும்போது அதே வேலைக்கு பெட்ரோல் கூட போகும். பிறகு 98 போட்டு அதே ரோட்டுல பாத்தப்ப 5 சதவீதம் கிட்ட குறைஞ்சுது. ரெண்டே ரெண்டு பயணம், காத்தும் வெயிலும் ஒரே மாதிரி இருந்திருக்காது, அதனால அந்த 5ஐ நான் பெருசா எடுத்துக்கல. விலை வித்தியாசம் அதை விட அதிகம், காசா பாத்தா 98ல லாபம் இல்ல. ஆனா நல்ல வெயில்ல, ஆள் நிறைய ஏத்தி, மலை ஏறும்போது டர்போ இஞ்சினுக்கு அந்த பாதுகாப்பு வேணும், அதனால நீண்ட பயணத்துக்கு 98, மத்த நேரம் 95ன்னு வச்சுக்கிட்டோம்.

நடுவுல வந்த அடி: டயர்

நாலாவது மாசம், ஈரமான ரோட்டுல வளைவுல பின்பக்கம் லேசா வழுக்குதுன்னு சொன்னாரு. வண்டியை லிஃப்ட்ல தூக்கி பாத்தா பின் டயர் ரெண்டும் வெளிப்பக்கம் 5 மிமீ பட்டன் (டயர் பள்ளத்தோட ஆழம்) இருக்கு, உள்பக்கம் 1.8. நின்னு பாத்தா கண்ணுக்கே தெரியாது. முதல் நாளே காத்து அளந்த நான் குனிஞ்சு உள்பக்கம் கை விட்டு பாக்கல. இந்த மொத்த விஷயத்துலயும் என் பெரிய பிழை இதுதான்.

காரணம் ரெண்டு. பின் வீல் டோ, அதாவது வீல் நேரா பாக்கிற கோணம், அளவை விட்டு விலகியிருந்துச்சு, வாங்குறதுக்கு முன்னாடியே இருந்திருக்கலாம். அதோட அண்ணன் எப்பவும் ஸ்போர்ட் மோடுலதான் ஓட்டுவாரு, அதுல ஏர் சஸ்பென்ஷன் வண்டியை கீழ இறக்கும், இறங்கினா வீல் மேல்பக்கம் உள்ள சாயும், பாரம் உள்ஓரத்துல விழும். சத்தம் நல்லா இருக்குன்னு போட்ட மோடு டயரை தின்னுருக்கு.

பின்னாடி ரெண்டு மட்டும் மாத்தலாமான்னா அதுவும் முடியல. முன்னாடி 275, பின்னாடி 315 அகலம், அதனால முன்பின் மாத்தி சுழற்ற முடியாது. முன்டயர்ல 4 மிமீதான் மிச்சம், புதுசு 8 மிமீ. 4 மிமீ ஆரத்துல வித்தியாசம் வந்தா சுத்தளவுல 1 சதவீதத்துக்கு மேல வரும், நாலு வீல் டிரைவ்ல முன்னும் பின்னும் எப்பவும் வேற வேற வேகத்துல சுத்தி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் விடாம வழுக்கி சூடாகும். இந்த வண்டி மேனுவல் அவ்வளவு வித்தியாசத்தை அனுமதிக்கல. நாலும் புதுசு, அலைன்மென்ட்டோட சேத்து 18 டேங்க். அலைன்மென்ட் சரியா இருந்திருந்தா பழைய டயர் இன்னும் பாதி ஆயுள் ஓடியிருக்கும், அதாவது 9 டேங்க் சும்மா போச்சு. ஸ்போர்ட் மோடு அன்னைக்கோட நின்னுச்சு, சொல்லாமலே.

வருஷ முடிவுல

மிச்சம் 42 வாரத்துல 9,860 கிமீ, 1,613 லிட்டர். லிட்டருக்கு 6.1. ஹைவே 100 கிமீக்கு 12லருந்து 11.4 ஆச்சு, ஊருக்குள்ள 27.7லருந்து 21.9. கேக்க நல்லா இருக்கு, ஆனா இந்த 42 வாரத்துல ஹைவே பங்கு கொஞ்சம் கூடியிருந்துச்சு, 46 சதவீதத்துலருந்து 53. பழைய பங்குலயே ஓட்டியிருந்தா எவ்வளவுன்னு திருப்பி போட்டா லிட்டருக்கு 5.9தான் வரும். நாங்க உண்மையில சாதிச்சது 4.88லருந்து 5.9. வெறும் ஒரு கிலோமீட்டர்னு தோணும். ஆனா அடிமட்டத்துல ஒரு கிமீ ஏறுறது பெரிய விஷயம், 100 கிமீக்கு மூனரை லிட்டர் குறையுது. வீட்டுல இருக்கிற சின்ன கார் 16லருந்து 20க்கு ஏறினா கூட 100 கிமீக்கு ஒன்னேகால் லிட்டர்தான் மிச்சம். லிட்டருக்கு எத்தனைங்கிற கணக்கு கண்ணை ஏமாத்தும், 100 கிமீக்கு எத்தனை லிட்டர்னு எழுதினா ஏமாத்தாது.

அந்த மூனரை லிட்டரை 42 வாரத்துக்கு பெருக்கினா 338 லிட்டர், 4 டேங்க். பெட்ரோல் மிச்சம்னு பாத்தா அவ்வளவுதான். சின்ன கார் குடிச்ச பெட்ரோல் இதுல கழிக்கல, கழிச்சா இன்னும் குறையும்.

இப்ப மொத்த வருஷத்தையும் டேங்க்ல பாருங்க. பெட்ரோல் 25. டயர் 18. ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில்னு வழக்கமான சர்வீஸ் 9. எட்டு ஸ்பார்க் ப்ளக்கும் கியர்பாக்ஸ் ஆயிலும் 11. இதுல கியர்பாக்ஸ் ஆயில் "ஆயுளுக்கும் மாத்த வேணாம்"னு வண்டி கம்பெனி சொன்னாலும், 78,000 கிமீல மாத்திட்டோம், புது கியர்பாக்ஸ் விலையை விசாரிச்ச பிறகு அதுல வாதம் பண்ண யாருக்கும் மனசு வரல. முன் பிரேக் டிஸ்க், பேட் 14, டிஸ்க் குறைஞ்சபட்ச தடிமனுக்கு வந்திருந்துச்சு, 2.3 டன்னை நிறுத்துற வேலைக்கு அது தேயத்தான் செய்யும். இன்சூரன்ஸ், வரி 20. வண்டி மதிப்பு குறைஞ்சது, இதே மாடல் இதே வருஷம் விக்க கேக்கிற விலையை ஆரம்பத்துலயும் கடைசியிலயும் பாத்து போட்டது, 70. மொத்தம் 167. இதுல பெட்ரோல் 15 சதவீதம்.

இந்த எண்ணை அண்ணன்கிட்ட காட்டினப்ப ரொம்ப நேரம் பேசல. நாலு மாசமா அவர் தூக்கம் கெட்டது அந்த 15க்கு. 70 டேங்க் ஒவ்வொரு ராத்திரியும் பார்க்கிங்ல நின்னுக்கிட்டே கரைஞ்சுது, அதுக்கு எந்த முள்ளும் கிடையாது, எந்த லைட்டும் எரியாது. "அப்ப மைலேஜ் பாத்து என்ன பிரயோஜனம்"னாரு. பிரயோஜனம் இல்லாம இல்ல. ஆனா நாங்க பெட்ரோல்ல சேத்தது 4 டேங்க், கவனிக்காம டயர்ல விட்டது 9.

திரும்ப பண்ணா என்ன மாத்துவேன்

முதல் நாளே வண்டியை லிஃப்ட்ல ஏத்தி நாலு டயரையும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூனு இடத்துல அளப்பேன், அலைன்மென்ட் பேப்பர் கையில வாங்குவேன், அப்புறம்தான் ஓபிடியே. வாங்குறதுக்கு முன்னாடி இதை பண்ணியிருந்தா விலையிலயே குறைச்சிருக்கலாம், பிரேக் டிஸ்க் தடிமனும் அதே லிஃப்ட்ல தெரிஞ்சிருக்கும்.

ஊர், ஹைவே பிரிச்சு எழுதுறதை முதல் டேங்க்லருந்தே ஆரம்பிக்கணும். நாங்க ஹைவேக்கு கிளம்புறப்ப எல்லாம் டேங்க் ஃபுல் பண்ணி, ஊருக்கு திரும்பினதும் இன்னொரு தடவை ஃபுல் பண்ணதாலதான் பிரிக்க முடிஞ்சுது, அது அதிர்ஷ்டம். ஆக்டேன் சோதனையை நாலஞ்சு டேங்க் மாத்தி மாத்தி போட்டு பாத்திருக்கணும், இல்ல பேசாம இருந்திருக்கணும். சின்ன காருக்கும் ஒரு நோட்டு போட்டிருக்கணும்.

வண்டி இப்பவும் அவர்கிட்டதான் இருக்கு. பின் டயர் உள்பக்கம் போன வாரம் அளந்தோம், 6.9 மிமீ, வெளிப்பக்கம் 7.1. ஆட்டோ ஸ்டாப்பை மட்டும் இன்னும் ஏறினதும் ஆஃப் பண்ணிடுறாரு.